கையைக் கட்டியவள்

இந்த ஸ்டூலில் உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். குழாய் ஸ்பீக்கரை ஓரமாகத் தள்ளிவிட்டுக் காலை நீட்டிக்கொள்ளுங்கள். சுரண்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறீர்கள், வெயில் வேறு.

பேச்சித்தாய்தானே என்னிடம் விசாரிக்கச் சொன்னாள்? தெரியும். "எங்களப் பத்தித் தெரியணும்னா முக்குல சவுண்டு சர்வீஸ் அண்ணாச்சிகிட்டக் கேளுங்க, எம்புள்ளய கைக்கொழந்தையிலேருந்து அவருக்குத் தெரியும்" என்றிருப்பாள். இதற்கு முன்னால் வந்த மூன்று இடத்துக்காரர்களையும் இப்படித்தான் அனுப்பினாள். சாத்தூர்க்காரர் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். பாவம், நல்ல மனிதர். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லேன்னா நாங்க கண்ணைத் தொறந்துக்கிட்டே கெணத்துல விழுந்திருப்போம்" என்றார்.

நீங்கள் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. மாப்பிள்ளைக்கு மின்வாரியத்தில் வேலை. நல்லது. பெண் வீட்டுப் படி ஏறுவதற்கு முன்னால் தெருவில் நாலு பேரிடம் விசாரிக்கிறீர்களே, அதுதான் முறை. இப்போதெல்லாம் போனில் போட்டோ பார்த்து முடித்துவிடுகிறார்கள்.

பெண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வழுதிச்செல்வி. இருபத்தேழு முடிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வருகிறவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்குத்தான், ஏனென்றால் குத்துவது தெரியாதாம், அத்தனை பதமான கை. அதிர்ந்து பேச மாட்டாள். எனக்கு மத்தியானச் சாப்பாடு அவர்கள் வீட்டிலிருந்துதான். என் வீட்டுக்காரி மகனோடு திருப்பூர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து இந்தப் பெண்தான் தூக்குப்பாத்திரத்தைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, "சூடு ஆறிரும் மாமா, மொதல்ல சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். பெண்ணிடம் ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

நான் சொல்ல வேண்டியது அவள் அம்மாவைப் பற்றி.

ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கிற ஆள் இல்லை நான். நடந்ததைச் சொல்வேன். முடிவு உங்களுடையது. சுவரில் அந்தப் படத்தைப் பாருங்கள். யாரென்று தெரிகிறதா? எங்கள் கட்சித் தலைவர் இளவழுதி. தெரியாமல் இருக்குமா உங்கள் வயதுக்கு. இந்தச் செவலூர்ச் சந்தைப்பேட்டை மைதானத்தில்தான் குத்திக் கொன்றார்கள். இருபத்தேழு வருஷம். மாசி பதினேழு, வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறு ஐம்பது.

அவர் சாவைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். சலூன் வைத்திருக்கிற குருசாமி, செத்தது அவரைப் போலவே இருந்த வேறொரு ஆள் என்பான். "அவரு பினாங்குல பேரப்புள்ளைங்களோட இருக்காரு, எங்க மச்சினன் கடைவீதியில பாத்திருக்கான்." தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர், சொந்தக் கட்சிப் பொருளாளர்தான் ஆள் அனுப்பினார் என்பார். இன்னொருத்தன், ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்தார் என்பான். எல்லாம் டீக்கடைப் பேச்சு. எனக்கு அந்தப் பேச்சு ஆகாது. நான் ஆதாரத்தோடு பேசுகிறவன். நாற்பத்தொரு மனு அனுப்பியிருக்கிறேன். கமிஷன் வைத்தார்களே, நீதிபதி வந்து பயணியர் பங்களாவில் தங்கினாரே, அவருக்கு முன்னால் நின்று பதினொரு நிமிஷம் சாட்சி சொன்னவன் நான்.

ஏன் என்றால், அன்றைக்கு மேடையில் மைக் என் கையில்.

எனக்குச் சொந்தப் பெயர் சுடலைமுத்து. கட்சியில் சுடரொளி. தலைவர் வைத்த பெயர். ஆனால் அவர் என்னை "மைக்கு" என்றுதான் கூப்பிடுவார். "யோவ் மைக்கு, இந்தச் சத்தம் எதிர்க்கட்சிக்காரன் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் போகுமா?" என்பார். எங்கள் பக்கம் எந்தக் கூட்டம் என்றாலும் சவுண்டு சர்வீசும் என்னுடையது, அறிவிப்பும் என்னுடையது. மேடைக்கு யார் ஏறுவது, யார் இறங்குவது, எல்லாம் நான் வாய் திறந்தால்தான்.

உங்களுக்குத் தெரியும், பொன்னாடை போர்த்துகிறவர்கள் பெயரை ஒரு சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். அறிவிப்பாளர் அதை வாசிப்பார். வாசித்தால்தான் படி ஏறலாம். வாசிக்காவிட்டால் மந்திரியின் மச்சானாக இருந்தாலும் கீழேதான். அன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு சீட்டு. அது போகப் பெயர் வைக்க வந்த பிள்ளைகள் முப்பத்துநாலு. குழந்தைக்குப் பெயர் வைப்பதென்றால் தலைவருக்குப் பேச்சைவிடப் பிரியம். கையில் வாங்கும்போதே பெயர் வாயில் வந்து நிற்கும். ஒரே நாளில் ஒரே ஊரில் ஏழு பிள்ளைக்குத் தென்றல் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஏழு தென்றலில் மூன்று ஆண்.

என்றைக்கும் மூன்று மணி நேரம் தாமதமாக வருகிறவர், அன்றைக்குப் பார்த்துச் சொன்ன நேரத்துக்கு வந்தார். குறித்துக்கொள்ளுங்கள். வந்ததும் என் காதில், "மைக்கு, சுருக்கா முடி. எட்டு மணிக்குக் கோவில்பட்டி" என்றார்.

நான் என்ன செய்தேன் என்றால், நேரத்தை மிச்சம் பிடிக்க இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டேன். வழக்கமாகப் பொன்னாடை எல்லாம் முடிந்த பிறகுதான் பிள்ளைகள். அன்றைக்கு வலது பக்கப் படியில் பிள்ளை, இடது பக்கப் படியில் பொன்னாடை. அவர் பிள்ளையை வாங்கிப் பெயர் சொல்லும்போதே இந்தப் பக்கம் ஒருத்தர் தோளில் போர்த்திவிட்டு இறங்கிவிடுவார். தண்ணீர் மாதிரி ஓடியது. தலைவரே திரும்பி, "மூளைக்காரன்யா நீ" என்றார். மேடையில் அத்தனை பேர் முன்னால். அதுதான் அவர் என்னிடம் சொன்ன கடைசிச் சொல்.

பேச்சித்தாய் முன்வரிசையில் கயிற்றை ஒட்டி நின்றாள். பெயர் வைக்கிற பட்டியலில் அவள் இல்லை. கவனியுங்கள். இல்லவே இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கே வந்து இடம் பிடித்துவிட்டாள். நாலு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு எவளாவது மூன்று மணி வெயிலில் வந்து நிற்பாளா? தீப்பெட்டி ஆபீசில் அன்றைக்குப் பாதி நாள் லீவு விட்டார்கள் என்று பிற்பாடு காரணம் சொன்னாள். காரணம் யார்தான் சொல்ல மாட்டார்கள்?

பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. போட்டோவுக்கு நன்றாக வரும் என்று பட்டது. படி இறங்கிப் போய், "குடும்மா, தலைவர் பேர் வைப்பார்" என்றேன்.

"வேண்டாண்ணே. பேரெல்லாம் எங்க மாமியாதான் வைப்பாங்க. சும்மா தூரத்துலேருந்து அவரப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பாருங்கள். எவ்வளவு நுணுக்கம். அவளாகக் கொடுத்திருந்தால் நாளைக்குக் கேள்வி வரும். வேண்டாம் என்று சொன்னால்தானே நான் பிடிவாதமாக வாங்குவேன்?

"பால் குடிச்சிட்டிருக்காண்ணே, அழுவா."

"தலைவர் கையில அழுத பிள்ளை இந்தத் தமிழ்நாட்டிலேயே கிடையாது" என்று பிடுங்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன். அந்தக் குழந்தை அழவில்லை தம்பி. இதை நான் கமிஷனில் அழுத்தமாகச் சொன்னேன். பால் குடிக்கிற பிள்ளையைப் பிடுங்கினால் அழாமல் இருக்குமா? என்ன கொடுத்திருந்தார்கள் அதற்கு? நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அடுத்த சாட்சியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இந்தப் பக்கம் அடுத்த சீட்டை எடுத்தேன். அதில் எழுதியிருந்தது எழுத்துப் பிசகாமல் எனக்கு நினைவிருக்கிறது. "அறிவிப்புச் செம்மல் அண்ணன் சுடரொளி அவர்களின் அன்புத் தம்பி, அருணகிரி." அப்படி ஒரு தம்பி எனக்குக் கிடையாது. கட்சியில் அன்புத் தம்பி என்று எழுதுகிறவன் யாரென்று யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? நாளைக்கு இருபது பேர் எழுதுவார்கள். ஆனால் அறிவிப்புச் செம்மல் என்று அதுவரை ஒருத்தரும் எழுதியதில்லை. தலைவர் காதிலும் விழட்டும் என்று இரண்டு தடவை வாசித்தேன்.

அவன் படி ஏறினான்.

தலைவர் பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி, "ஆணா பொண்ணா?" என்றார்.

"பொண்ணுங்கய்யா" என்றேன்.

"மூக்கப் பாருய்யா. அடுத்த முதலமைச்சர் மூக்கு!" கூட்டம் சிரித்தது. "இவளுக்கு நான் வைக்கிற பேரு..." என்று மைக்கைப் பார்த்துக் குனிந்தார்.

அருணகிரி இடது பக்கமாக வந்து பொன்னாடையை விரித்தான். கத்தி பொன்னாடைக்குள்.

இரண்டு கையிலும் பிள்ளை தம்பி. இரண்டு கையிலும். ஒரு கை காலியாக இருந்திருந்தால் போதும். சிலம்பம் சுற்றின கை அது. குழந்தையைக் கீழே போட்டுவிட்டுத் தடுத்திருக்கலாம். அவர் போடவில்லை. சரிகிறபோதும் அதை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே சரிந்தார். நான் பாய்ந்து வாங்கினேன். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. மைக்கை நான் அணைக்கவில்லை, அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? அவர் மூச்சு இழுத்து இழுத்து நின்றது பன்னிரண்டு குழாயிலும் கேட்டது. தேரடி வரைக்கும் கேட்டதாம்.

பிள்ளையை அவள் மடியில் போட்டுவிட்டு நான் திரும்பினேன். அருணகிரியைக் கூட்டம் சுற்றிக்கொண்டது. முதல் அடி என்னுடையது. மைக் ஸ்டாண்டால். அது இரும்பு. கால் மணி நேரத்தில் அவனை ஆள் அடையாளம் தெரியாமல் செய்துவிட்டார்கள். இதில்தான் தம்பி சதி இருக்கிறது. அவன் உயிரோடு இருந்திருந்தால் அனுப்பியது யார் என்று சொல்லியிருப்பான். சொல்லிவிடக் கூடாது என்றுதானே யாரோ அவனை அங்கேயே முடித்தார்கள்? இதை விசாரிக்கச் சொல்லித் தனியாக ஆறு மனு போட்டேன். முதலில் அடித்தவனைக் கண்டுபிடியுங்கள், முழுச் சதியும் வெளியே வரும் என்று எழுதினேன். ஒருத்தரும் பதில் போடவில்லை.

ஒரு கொலைக்கு மூன்று பேர் வேண்டும். கத்தி பிடிக்க ஒருத்தன். கையைக் கட்ட ஒருத்தர். மேடை ஏற்றிவிட ஒருத்தன். கத்தி பிடித்தவன் செத்தான். கையைக் கட்டியவள் இந்தத் தெருவில் ஒன்பதாம் நம்பர் வீட்டில் இருக்கிறாள். மூன்றாவது ஆளைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் மனுக்களையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்தவர் பரமசிவம். கச்சேரித் தெருவில் மிஷின் வைத்திருந்தார். பதினெட்டு வருஷம் அடித்துக் கொடுத்தார். ஒரு நாள் பாதியில் கையை எடுத்துவிட்டு, "அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்தச் சீட்ட வாசிச்சது யாரு?" என்றார்.

"நான்தான். அறிவிப்பாளர் நான்தானே?"

"கொழந்தைய வாங்கிக் குடுத்தது?"

"நான்தான். என்னய்யா புதுசாக் கேக்குறே?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்று மறுபடியும் தட்ட ஆரம்பித்தார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அந்த மனிதரையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள். அன்றோடு அவர் வாசலை மிதிக்கவில்லை. போன ஐப்பசியில் செத்துப்போனார். நான் போகவில்லை.

சரி, பேச்சித்தாய்க்கு வருகிறேன். போலீசில் முதல் வாக்குமூலம் என்னுடையது. அவள் முன்னாலேயே வந்து நின்றதைச் சொன்னேன். பிள்ளைக்கு இடது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்திருந்ததைச் சொன்னேன். கத்தி வந்ததும் இடது பக்கம். அன்றைக்கு ராத்திரியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பத்தொன்பது நாள். பிள்ளையும் கூடவே. பிள்ளை என்ன பாவம் செய்தது? நான் தினம் பால் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவள் புருஷன் வந்து வெளியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனான். ஸ்டேஷனில் கிடந்தவளை வீட்டில் ஏற்ற முடியாது என்று அவன் அம்மா சொல்லிவிட்டாளாம். அப்புறம் அவன் வேறே கட்டிக்கொண்டான். குற்றமில்லாதவள் என்றால் புருஷன் விடுவானா? யோசியுங்கள்.

வெளியே விட்டபோது அவளுக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்காது. இன்றைக்கும் மடங்காது. அதை வைத்துக்கொண்டுதான் தீப்பெட்டி ஒட்டி அந்தப் பெண்ணைப் படிக்க வைத்தாள். நேரே என் கடைக்கு வந்து காலில் விழுந்தாள். "அண்ணே, ஊரே என்னக் கொலகாரின்னு பாத்துச்சு. நீங்க ஒருத்தர்தான் எம்புள்ளைக்குப் பால் வாங்கிட்டு வந்தீங்க. எம்புள்ளயத் தரையில விழாமப் புடிச்சதும் நீங்கதான். நீங்க எனக்குக் கூடப்பொறக்காத அண்ணன்."

எழுந்திரும்மா என்றேன். வேறென்ன சொல்ல? போக்கிடம் இல்லை என்றாள். இதே தெருவில் வீடு பார்த்துக் கொடுத்தேன். கண் பார்வையில் இருக்கட்டும் என்றுதான். அவளுக்குத் தெரியாது, தயவுக்குச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளைக்கு வழுதிச்செல்வி என்று பெயர் வைத்தாள். மனசில் உறுத்தல் இல்லாதவள் செத்த மனிதர் பெயரையா வைப்பாள்?

அந்தப் பெண்ணுக்கு ஐந்து வயதில் இருந்து வருஷா வருஷம் மாசி பதினேழு அன்றைக்கு என் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வாள். "சொல்லுங்க மாமா" என்பாள். நான் முழுவதையும் சொல்வேன். ஆறு ஐம்பதுக்கு எழுந்து நிற்போம், இரண்டு பேரும். போன வருஷம்கூட டூட்டியை மாற்றிக்கொண்டு வந்தாள். என் மகன் இந்தப் பேச்சை எடுத்தாலே, "அப்பா, ஒண்ணு அந்தாளு, இல்ல நாங்க" என்றான். இந்தப் பெண் ஒருத்திதான் இன்னும் முதல் தடவை கேட்பது போலக் கேட்கிறாள். நீங்கள் கேட்கிற மாதிரி.

என்ன தம்பி, சிரிக்கிறீர்கள்?

சொல்லுங்கள், கேட்கிறேன்.

ஓ. உங்கள் அண்ணன் இளவழுதியின் ஆளா? பூஜை அறையில் படம் வைத்திருக்கிறாரா? அவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றின பிள்ளை நம் வீட்டுக்கு வருகிறதென்றால் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாரா? அப்படியா சொன்னார்?

அம்மாவைப் போலீஸ் பிடித்தது எல்லாம் உங்களுக்கு முன்பே தெரியும் என்கிறீர்கள். பேச்சித்தாயே சொல்லிவிட்டாளா. ம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளா.

அப்படியானால் நீங்கள் முடிவோடுதான் வந்திருக்கிறீர்கள். என்னிடம் கேட்டது ஒரு மரியாதைக்கு. வைகாசியில் கல்யாணம் என்கிறீர்கள். சுரண்டையில் இல்லையா? மாப்பிள்ளைக்கு மேட்டூரில் வேலையா? அது எங்கேயோ இருக்கிறதே. மேட்டூரிலும் லேப் இருக்கும், அவளுக்கு வேலை கிடைத்துவிடும். அதுவும் சரிதான். அம்மாவையும் கூடவே கூட்டிப்போகலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறாரா? தங்கமான பையன்.

இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

அதாவது, சாட்சிகள் தம்பி. சாட்சிகள் போய்விட்டால் வழக்கு என்ன ஆவது? அதைச் சொல்கிறேன். மாசி பதினேழுக்கு மேட்டூரிலிருந்து வர முடியுமா? ஒரு வருஷம் வருவாள். இரண்டு வருஷம் வருவாள். அப்புறம் பிள்ளைகுட்டி என்று ஆகிவிடும். நான் ஆறு ஐம்பதுக்கு இந்தக் கடையில் தனியாகவா எழுந்து நிற்பேன்?

இருங்கள், எழுந்திருக்காதீர்கள். டீ வரட்டும். ஒன்று இருக்கிறது. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். உங்களைப் பார்த்தால் சூதுவாது இல்லாத மனிதராகத் தெரிகிறது. நாளைக்கு உங்கள் அண்ணன் என் முகத்தில் துப்பக் கூடாது.

பிள்ளையைப் பாய்ந்து பிடித்தேன் என்றேனே. பிடிக்கவில்லை.

ஆமாம். ஊர் அப்படிச் சொல்கிறது, நானும் மறுக்காமல் இருந்துவிட்டேன். என் கைக்கு எட்டவில்லை. தலை பலகையில் மோதியது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வலிப்பு உண்டு. வெட்டி வெட்டி இழுக்கும். மாதத்துக்கு ஒரு தடவை, சில மாதம் இரண்டு. இரண்டு தடவை இந்தக் கடை வாசலிலேயே விழுந்து, நான்தான் சாவிக்கொத்தைக் கையில் திணித்தேன். மதுரையில் மருந்து வாங்குகிறார்கள், உள்ளூரில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று. அவளிடம் கேட்டால் இல்லை என்பாள். வந்து போனது அவளுக்கே நினைவிருக்காது, அந்த நோய் அப்படி. அம்மாவைக் கேட்டாலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வாள்.

பிறக்கிற பிள்ளைக்கு வருமா என்றா கேட்கிறீர்கள்? நான் டாக்டர் இல்லை தம்பி. வரும் என்றும் சொல்கிறார்கள்.

இதில் எனக்கென்ன லாபம்? இருபத்தேழு வருஷமாக இந்த ஊர் எனக்குக் கொடுத்திருக்கிற பெயர் ஒன்றே ஒன்று. பிள்ளையைக் காப்பாற்றினவன். அதையே என் வாயால் அழித்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் பொய்யா சொல்வேன்?

அதோ, அந்த வேப்பமரத்தடியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். பேசுங்கள். அண்ணனிடம் நிதானமாகப் பேசுங்கள்.

ஐயா, பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள் படத்தில் இருந்து? தப்பாக நினைக்காதீர்கள். ஒரு கீறல் படாமல்தான் பிடித்தேன், உங்களுக்குத் தெரியும். அவள் அப்படித் துள்ளிக்கொண்டு இருக்கிறாள், ஒரு தும்மல் கிடையாது. உங்கள் வழக்குக்காக ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைதான். வேறு யார் இருக்கிறார்கள் உங்களுக்கு?

முடிந்ததா தம்பி? டீ ஆறிவிட்டது, வேறு சொல்லட்டுமா?

நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஸ்கூட்டரில் வந்துவிட்டுப் போனாளே, பச்சைச் சுடிதார், அவள்தான். உங்கள் முதுகைப் பார்த்ததும் தோளில் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள். சிரிப்பாக வந்தது எனக்கு. தூக்குப்பாத்திரத்தை வைத்துவிட்டு மெதுவாக, "மாமா, அவரா?" என்றாள்.

"அவர்தான்."

"பாத்தா நல்லவரா தெரியுதுல்ல?"

"நல்லவர்தான்."

"என்னப் பத்தி என்ன சொன்னீங்க?"

"கெட்டதாச் சொல்ல உங்கிட்ட என்னம்மா இருக்கு?"

அவள் கண் கலங்கிவிட்டது தம்பி. "இந்த மூணு எடமும் எதுனால தட்டிப்போச்சுன்னே தெரியல மாமா. அம்மா ராத்திரியில ஒக்காந்து அழுறா, தெருவுல யாரோ கலைச்சு விடுறாங்கன்னு. எனக்கு இந்தத் தெருவுல யாரையும் நம்ப முடியல. நல்லது சொல்ல நீங்க ஒருத்தராவது இருக்கீங்களே" என்றாள். குனிந்து என் காலைத் தொட்டாள், நடுத்தெருவில். வண்டியை எடுத்துக்கொண்டு போகிறபோதுகூடத் திரும்பி உங்களைப் பார்த்துக்கொண்டே போனாள். எதிரே வந்த சைக்கிள்காரன் மேல் விடப் பார்த்தாள்.

அண்ணன் என்ன சொன்னார்?

ம்.

ம். வேண்டாம் என்றா.

அழுதாரா? பெரிய மனசு அவருக்கு. என்ன செய்வது, பையன் வாழ்க்கையையும் பார்க்க வேண்டுமே. காரணத்தை அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். நோயைச் சொல்லிக் காட்டினால் பெண் உடைந்துவிடும். ஜாதகம் சரியில்லை என்று ஒரு போன் போட்டால் போதும். நாளைக்குப் போடுங்கள், இன்றைக்கே வேண்டாம்.

அந்தப் பக்கம் போகாதீர்கள் தம்பி. ஒன்பதாம் நம்பர் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், பேச்சித்தாய் வாசலிலேயே நிற்பாள். உங்களுக்காக முந்திரி போட்டுக் கேசரி கிளறி வைத்திருக்கிறாளாம், பெண் சொன்னாள். அந்த முகத்தைப் பார்த்தால் உங்களால் பேச முடியாது. என் கடைக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது, சந்து வழியாகப் போனால் நேரே பஸ் ஸ்டாண்டு. நிலை தாழ்வு, குனிந்து போங்கள்.

கேசரியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வீணாகாது. நாளைக்கு உங்கள் போன் வந்ததும் ஒரு கிண்ணத்தில் மூடி எடுத்துக்கொண்டு அவள் இங்கேதான் வருவாள். அழுவதற்கு அந்தப் பெண் வேறு எங்கே போவாள்?